சிரிப்பு நிற்கும் இடம்: நகைச்சுவையான காதல் நாவலை எழுதுவது எப்படி

நகைச்சுவையான காதல் நாவல் ஒன்றை எழுத உட்காருபவர்களில் பலர் முதலில் சிரிப்பு வரும் துணுக்குகளைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாம்பலம் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் காதில் விழுந்தவை, ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருந்தவை, கல்யாணப் பந்தியில் பெரியப்பாக்கள் அடித்தவை என்று ஒரு குறிப்பேடு நிரம்பியதும், அவற்றையெல்லாம் ஒருவன் வாயில் போட்டு, அவனுக்கு ஒரு காதலியையும் கொடுத்து, இருநூறு பக்கம் எழுதி முடித்தேன். கோடம்பாக்கத்தில் இருக்கும் என் அத்தை அதை இரண்டே நாளில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, “நல்லா சிரிச்சேன்டா, ஆனா அந்தப் பையன் யாருன்னே கடைசி வரைக்கும் தெரியலையே” என்றார். அந்தப் பிரதி இன்னும் பரணில்தான் கிடக்கிறது. பிறருடைய பிரதிகளைச் செப்பனிடும் வேலைக்கு வந்த பிறகு அதே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்: நாயகன் சிரிக்க வைக்கிறான், ஆனால் அவனைப் பார்த்து நாம் சிரிக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, உங்கள் நாயகனோ நாயகியோ தம்மைப் பற்றித் தாமே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பொய்யைக் கண்டுபிடியுங்கள். அதை அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஒரே வாக்கியமாக, பேச்சுத் தமிழில் எழுதி வையுங்கள். பொய் என்று சொல்லும்போது பிறரை ஏமாற்றும் பொய்யை நான் சொல்லவில்லை. அவர் மனமார நம்புவதாகவும், அவரோடு பத்து நிமிடம் இருந்தவர்கள் எவரும் நம்பாததாகவும் அது இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நாவலின் சிரிப்பு முழுவதும் பிறக்கிறது. அந்த இடைவெளி சுருங்குவதைத்தான் தன்னை அறிதல் என்கிறோம். இரண்டையும் தனித்தனியாக எழுத முயல்பவர்களின் நாவலில் முதல் பாதி துணுக்குத் தோரணமாகவும் பின்பாதி பிரசங்கமாகவும் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நாம் வெளியே போய் இலக்கணம் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. இவற்றில் நமக்கு மிகவும் பயன்படுவது மடன். ஒருவர் கொளுத்தியதை, அதாவது கற்பித்ததை, அப்படியே பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் இருப்பது மடன் என்று உரைகள் விளக்குகின்றன; தன்னைப் பற்றி எப்போதோ யாரோ சொன்ன ஒன்றை முப்பது வயது வரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவனை விட நல்ல நகைச்சுவை நாயகன் கிடைக்கமாட்டான். எள்ளலுக்கு உரை எழுதும் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தானே நகுவது மற்றொன்று. நாவலின் முதல் அத்தியாயத்தில் உங்கள் நாயகனுக்கு முன்னது மட்டுமே தெரிந்திருக்கட்டும். பின்னதை அவன் கற்றுக்கொள்ள எத்தனை பக்கம் ஆகிறதோ, அதுவே உங்கள் நாவலின் நீளம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது. குமரேசன் என்று ஒருவன். வயது முப்பத்து நான்கு. மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாகக் குடியிருப்பவன். ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை. அவனுடைய வாக்கியம்: “எனக்கு யார்கிட்டயும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.” கேட்பவர்களை நாள் முழுதும் எதிரில் உட்காரவைத்து இல்லை என்று சொல்லும் உத்தியோகம் அவனுக்கு இந்த நம்பிக்கையை ஊட்டியிருக்கலாம், சிறுவயதில் அப்பா கடன்காரர்களுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போனதைப் பார்த்ததாலும் இருக்கலாம். காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசகருக்கு அதை நூறாவது பக்கத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியதில்லை. இனி இந்த வாக்கியத்துக்கு எதிராக அவனுடைய ஒரு நாளை அடுக்குங்கள். பக்கத்து மேசைக்காரரின் சார்ஜர், தேநீர்க் கடையில் மாதக் கணக்கு, கும்பகோணத்திலிருந்து ஆம்னி பஸ்ஸில் அம்மா அனுப்பும் நாரத்தங்காய் ஊறுகாய், இரண்டாம் மாடி வீட்டாரின் பூப்போட்ட குடை. எதையும் அவன் கேட்டு வாங்கவில்லை; எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

இத்தகைய கதையைச் சொல்லும் குரலைத் தேர்வதில் தமிழில் எழுதுபவருக்கு வேறு பல மொழிக்காரர்களுக்குக் கிட்டாத ஒரு வசதி இருக்கிறது. நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டு வெவ்வேறு உடைகளை அணிந்து நிற்பவை. ஒன்று இஸ்திரி போட்டது, மற்றொன்று லுங்கி. கதைசொல்லி எவ்வளவுக்கு எவ்வளவு கம்பீரமாகப் பேசுகிறாரோ, பாத்திரங்கள் வாய் திறக்கும்போது அவ்வளவு சிரிப்பு வரும். “தன் வாழ்நாளில் எவரிடமும் கையேந்தியதில்லை என்னும் பெருமிதம் முகத்தில் ஒளிர, குமரேசன் மாடி வீட்டாரின் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினான்” என்ற வாக்கியத்தில் துணுக்கு எதுவும் இல்லை, சிரிப்பூட்டும் சொல்லும் இல்லை. கதைசொல்லி அவனை அப்படியே நம்புவதுபோல் நடிக்கிறார். குடை அவரைக் காட்டிக்கொடுக்கிறது. கதைசொல்லியே கண் சிமிட்டத் தொடங்கினால், ஆச்சரியக்குறிகளைத் தூவினால், வாசகருக்குச் செய்ய வேலை இல்லாமல் போய்விடும். ஒரு நாவலுக்கு மூன்று ஆச்சரியக்குறிகள் போதும் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம், பதிப்பாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்து, அந்தப் பொய் சும்மா இருக்க முடியாத ஓர் இடத்தையும் காலத்தையும் தேடுங்கள். குமரேசனுக்கு நான் 2019ஆம் ஆண்டுக் கோடையைக் கொடுப்பேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னை முழுவதும் லாரிக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில், கேட்காமல் எவராலும் ஒரு குடம் தண்ணீரைப் பெற்றிருக்க முடியாது. கட்டடத்தின் சம்ப்பில் தண்ணீர் இறங்கியதும் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு எழுதும் பொறுப்பை, இரண்டாம் மாடியில் அம்மாவோடு வசிக்கும் கணக்கு ஆசிரியை தாமரைச்செல்வியிடம் அசோசியேஷன் ஒப்படைத்திருக்கிறது. அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடம் கடற்கரையாகவோ காபிக் கடையாகவோ இருக்க வேண்டியதில்லை. சம்ப்பு மூடிக்குப் பக்கத்தில், வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவில் அது நிகழட்டும்.

“சார், உங்க பங்கு ரெண்டு குடம். இன்னிக்கு மூணு எடுத்திருக்கீங்க.”

“எனக்கு யார்கிட்டயும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லைங்க.”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன். கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நீங்க கேக்காம எடுத்திருக்கீங்க.”

அவன் மூன்றாவது குடத்தைக் கீழே வைக்கிறான். வைக்கும்போது கொஞ்சம் தளும்பிச் சிந்துகிறது. அவள் அந்த ஈரத்தைப் பார்க்கிறாள், பேனாவைத் திறக்கிறாள், நோட்டில் எதையோ எழுதுகிறாள். என்ன எழுதினாள் என்பதை இப்போது சொல்லாதீர்கள்.

இந்தச் சிறு காட்சியில் நகைச்சுவைக் காதல் கதைக்கு வேண்டிய மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன: அவனுடைய பொய் வாய்விட்டுச் சொல்லப்பட்டுவிட்டது, அதை ஒருத்தி ஒரே வாக்கியத்தில் பிரித்துப் போட்டுவிட்டாள், தன்னைப் பிரித்துப் போட்டவள்மீது அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது. காதல் என்ற சொல் இன்னும் நூறு பக்கத்துக்கு வராது.

அவளுக்கும் ஒரு பொய் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் பிரதிகளில் மிகவும் ஏமாற்றமளிப்பது இந்த இடம்தான். நாயகனைத் திருத்துவதற்காகவே பிறந்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்து, பொறுமையாகப் புன்னகைத்துக்கொண்டிருக்கும் பெண்ணால் சிரிப்பும் வருவதில்லை, காதலும் வருவதில்லை. தாமரைச்செல்வியின் வாக்கியம், “நான் கணக்கை மட்டும்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்கமாட்டேன்” என்பதாக இருக்கட்டும். அந்த மூன்றாம் குடத்தை அவள் அன்று இரண்டாம் மாடிக் கணக்கில், தன் வீட்டுப் பங்காக எழுதிக்கொண்டாள் என்பது கதையின் முக்கால் பாகத்தில் வேறொருவர் நோட்டைப் புரட்டும்போது வெளிப்பட்டால், அவளும் அவனைப் போலவே பிடிபட்டவளாகிறாள்.

இப்படி ஒருவர் தம்மையறியாமல் இன்னொருவரைக் காப்பாற்றிவிட்டுப் பிடிபடுவது நம் காதல் கவிதைகளில் மிகப் பழைய உத்தி. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு ஒன்றில், சிறுவயதில் மணல் வீட்டை மிதித்தும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை கொடுத்தவன், வளர்ந்த பின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பற்றுகிறான். அவள் அம்மாவை அழைத்து இவன் செய்ததைப் பார் என்று கூவுகிறாள். அம்மா பதறி ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது இவனுக்கு விக்கிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். கையைப் பிடிப்பதை இன்றைய நாவலில் எழுத வேண்டாம். படிக்க வேண்டியது அந்தப் பொய்யின் வேகத்தை. கூவுவதற்கும் மறைப்பதற்கும் இடையில் அவள் யோசிக்கவே இல்லை, யோசிக்காமல் சொன்னதால்தான் தன் மனம் அவளுக்கே தெரிகிறது. விளக்கம் ஒரு சொல்லும் இல்லை, முதுகைத் தடவும் அம்மா மட்டும் இருக்கிறார். உங்கள் நாவலிலும் உண்மை தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டிருக்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். என் கணக்கில் அது தாமரைச்செல்வியின் அம்மா. “பாவம், தனியா இருக்கிற பிள்ளை” என்று சொல்லிச் சொல்லி, தினமும் ஒரு கிண்ணம் ரசத்தைக் கீழே அனுப்புபவர்.

நகைச்சுவையை வளர்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் திருக்குறளின் 132ஆம் அதிகாரமான, காதலரின் ஊடலைப் பாடும் புலவி நுணுக்கத்தைப் படிக்கச் சொல்வேன். அவன் தும்முகிறான், அவள் வழக்கப்படி வாழ்த்திவிட்டு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் எச்சரிக்கையாகித் தும்மலை அடக்குகிறான். யாரோ உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். ஒரே தும்மல், இரண்டு குறள். முதல் குறளில் அவன் கற்றுக்கொண்ட பாடமே இரண்டாம் குறளில் அவனைக் கவிழ்க்கிறது. புதிய துணுக்கைத் தேடி ஓடாமல், முன்பு பயன்படுத்திய பொருளுக்கே திரும்பி வந்து, பாத்திரம் செய்யும் திருத்தத்தாலேயே நிலைமை மோசமாகும்படி எழுதுங்கள். குமரேசன் திருந்தி, எல்லாவற்றையும் கேட்டு வாங்க முடிவு செய்கிறான் என்று வையுங்கள். முதல் நாளே, தன்னிடம் ஏற்கெனவே இரண்டு மாதமாக இருக்கும் குடையைத் தரமுடியுமா என்று, அந்தக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கேட்கிறான்.

சென்னையில் கதை நடப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் இன்னொரு நன்மை, நேரம் அளந்து கொடுக்கும் இடங்கள். தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் மாம்பலத்தில் ஏறுபவர் கிண்டியில் இறங்குவதற்குள் நடுவில் சைதாப்பேட்டை ஒன்றுதான் வரும். அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்று ஒருவனை ஏற்றிவிடுங்கள். பக்கத்தில் கடலை விற்பவரையும், காலை மிதிப்பவரையும், “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பவரையும் சேர்த்துவிட்டால் காட்சி தானே எழுதிக்கொள்ளும். மாறாக, மெரினாவில் அலைகளைப் பார்த்தபடி ஞானம் பெறும் நாயகர்கள் ஏற்கெனவே மணல் தெரியாத அளவுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஆளை அங்கே அனுப்ப வேண்டாம்.

விளிப்பதில் தமிழுக்கே உரிய நாடகம் ஒன்று இருப்பதையும் பலர் வீணடிக்கிறார்கள். ‘நீங்கள்’ எந்தப் பக்கத்தில் ‘நீ’ ஆகிறது, யார் முதலில் தவறுகிறார், தவறியதும் என்ன செய்கிறார் என்பவை ஒரு தமிழ்க் காதல் கதையில் முத்தத்தைவிடப் பெரிய சம்பவங்கள். குமரேசன் பதற்றத்தில், “வா… உள்ள வாங்க… உக்காரு… உக்காருங்க” என்று தடுமாறுவதும், அவள் அந்த இரண்டு ‘ங்க’க்களையும் மனக்கணக்கில் கழித்துக்கொள்வதும் ஒரு பக்கம் எழுதத்தக்கவை. ‘சார்’ என்பது எப்போது உதிர்கிறது என்று தனியாக ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; திருத்தும்போது உங்களை அறியாமல் நாற்பதாம் பக்கத்தில் ‘நீ’ நுழைந்திருக்கும்.

எதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. நிறம், பருமன், வீட்டு வேலை செய்பவரின் பேச்சு, பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் தமிழ், வடசென்னைப் பேச்சு ஆகியவற்றை வைத்துச் சிரிக்க வைப்பது எள்ளலிலும் சோம்பேறித்தனமான எள்ளல். பாத்திரத்தின் பொய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. அதே போல, மறுத்த பெண்ணின் பின்னாலேயே அலைவதை விளையாட்டாக எழுதும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து பின்தொடர்தல் தனிக் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுக் கதையாகப் பார்த்தாலும், மறுப்பைக் கேட்காதவன் தன்னைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளப்போவதில்லை. அங்கேயே உங்கள் நாவல் நின்றுவிடும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதாயிரம் சொற்களுக்கு மேல் ஒரே பொய்யை இழுப்பது கடினம். அத்தியாயங்கள் சிறியவையாக இருக்கட்டும். வார இதழ்த் தொடர்களில் வளர்ந்த நமக்கு அத்தியாய முடிவில் யாரையாவது கதவைத் தட்ட வைக்கும் பழக்கம் உண்டு. இந்த வகைக்குத் திருப்பித் தராத ஒரு கிண்ணம் போதும். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலே சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னது என்பதால், நகைச்சுவை எழுதினால் இலக்கியமாக மதிக்கமாட்டார்களோ என்று தயங்குபவர்கள் தயக்கத்தை விட்டுவிடலாம்.

இப்போது கடினமான பகுதி. முதலில் எழுதி வைத்தீர்களே ஒரு வாக்கியம், அது நாவலில் மூன்று முறை வர வேண்டும். சொற்கள் மாறக்கூடாது, பொருள் மாற வேண்டும். முதல்முறை சம்ப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே வாசகர் சிரிக்கிறார், குமரேசன் சிரிக்கவில்லை. இரண்டாம்முறை, கும்பகோணத்தில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்தி வந்த அன்று, வங்கியில் பக்கத்து மேசைக்காரர் ஏ.டி.எம். அட்டையை நீட்டும்போது அவன் அதே வாக்கியத்தைச் சொல்லி மறுத்துவிட்டு, கையில் இருப்பதோடு கோயம்பேட்டுக்குக் கிளம்பிப் போகிறான் என்று வையுங்கள். வாசகர் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொள்கிறார். அந்த வாக்கியத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் இன்னொருவர் என்பது தெரிந்ததும் சிரிப்பு தானாக நின்றுவிடும்; இந்த இடத்தை நாவலின் மூன்றில் இரண்டு பங்கு முடியுமுன் வைக்காதீர்கள். பின்வாசல் வழியாகப் போன அப்பாவும் இங்கேதான் ஓரிரு வரிகளில் வர வேண்டும்.

மூன்றாம்முறையை நான் இரவு பதினோரு மணிக்கு வைப்பேன். அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தாகிவிட்டது, லாரி வரவில்லை, தரைத்தள வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அவன் காலிக் குடத்தோடு இரண்டாம் மாடிக்கு ஏறி, தட்டலாமா என்று நின்று, தட்டுகிறான். கதவு திறக்கிறது. “எனக்கு யார்கிட்டயும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லைங்க” என்கிறான். அவள் “தெரியும்” என்று சொல்லிக் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அவன் வாசலில் நிற்கிறான். உள்ளே குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் முதலில் அகலமாகவும் பிறகு ஒடுங்கியும் கேட்கிறது. இதற்கு மேல் ஒரு வரியும் எழுதாதீர்கள். தான் இத்தனை நாள் எப்படி இருந்தோம் என்று அவன் சிந்திப்பதாக ஒரு பத்தி எழுதக் கை துடிக்கும். எழுதினால் மறுநாள் அடித்துவிடுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் ஒரு மாதம் பிரதியைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு உங்கள்மீது தயவு தாட்சண்யம் இல்லாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ‘சி’ என்று குறியுங்கள். நீங்கள் சிரிக்கும் இடங்களைக் குறிக்க வேண்டாம். நாற்பது பக்கம் ‘சி’ இல்லாமல் போயிருந்தால் அங்கே பாத்திரம் தன் பொய்யை மறந்துவிட்டது என்று பொருள், துணுக்கைச் செருகாமல் பொய்யைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கடைசியாக, இரண்டாம் மாடி வாசலில் அவன் சொல்லும் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘சி’ விழுந்திருந்தால், கோளாறு அந்தப் பக்கத்தில் இராது, ஏ.டி.எம். அட்டையை அவன் மறுத்த அத்தியாயத்தை எடுத்து முதலிலிருந்து எழுதுங்கள்.